கடைசிப் பாகம் தொலைந்த நாவல்

வேலூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். சமீபத்தில் என்ன படித்தோம், ரொம்பப் பிடித்தது எது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தடித் தடிப் புத்தகங்களோடு வருவார்கள். சமீபத்தில் படித்ததை நானும் நன்றாகவே அளப்பேன். ரொம்பப் பிடித்தது எது என்றால்தான் திருதிருவென்று விழிப்பேன். அதன் பெயர் எனக்கு ஞாபகமில்லை, எழுதியவர் யாரென்று தெரியாது, அதில் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவின் தங்கை, என் அத்தை, வைகாசியில் கல்யாணமாகி அரக்கோணம் போனவள், ஆடிக்கு அழைத்து வரப்பட்டாள். ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசியும் வந்தது. அத்தை போகவில்லை. ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கொண்டாட்டம்தான். காலையில் எனக்குத் தலை பின்னியபடி கதை சொல்ல ஆள் கிடைத்துவிட்டது.

கதை கம்பெனி பஸ்ஸிலிருந்து வந்தது. அந்த பஸ்ஸில் போகும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாத நாவல் ஒன்றை வாங்கி, தோல் சீவும் கத்தியால் நாலாக அறுத்துவிடுவார்கள். நாலு பேருக்கு நாலு பாகம். அவரவர் பாகத்தைப் படித்து, அவரவர் முறை வரும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். முழு நாவலைப் படித்தவர் என்று அந்த பஸ்ஸில் ஒருவரும் கிடையாது. படிக்காத முக்கால் கதையைப் பற்றித்தான் அதிகமாகச் சண்டை நடக்குமாம்.

அந்த முறை மூன்று பாகங்கள் சொல்லி முடித்தாகிவிட்டது. கதாநாயகி புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மூன்றாம் பாகத்தின் கடைசி வரியில் அவளை அழைத்துப் போகப் புருஷனின் கார் வாசலில் வந்து நிற்கிறது. ஏறினாளா இல்லையா என்பது நாலாம் பாகத்தில். அது அத்தையின் பங்கு. திங்கட்கிழமை சொல்ல வேண்டும். ஞாயிறு தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம் என்று அலமாரியில் வைத்திருந்தாள். எனக்கோ மண்டை வெடித்தது.

சனிக்கிழமை அம்மா தைத்த அப்பர்களை ஏஜென்ட் வந்து வாங்கிப் போகும் நாள். அப்பர் என்றால் ஷூவின் மேல்தோல். வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பாள். ஒன்றோடொன்று உரசிப் பளபளப்பு போகாமல் நடுவில் காகிதம் வைத்து அடுக்குவது என் வேலை. அன்று செய்தித்தாள் பற்றவில்லை. ஏஜென்ட் வாசலில் நின்று வண்டி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் அட்டையில்லாமல் பழுப்பாக ஏதோ கிடந்தது. கிழித்துக் கிழித்து வைத்தேன். மூட்டை போன பிறகுதான் அது என்னவென்று உறைத்தது. ஏறினாளா இல்லையா என்பது ஏஜென்ட்டின் வண்டியில் போய்விட்டது.

மறுநாள் அத்தை ஈரத் தலையோடு அலமாரியைத் துழாவினாள். உண்மையில் பாதியை மட்டும் சொன்னேன்.

"அப்பருக்கு வெச்சிட்டேன் அத்தை. ஆனா நான் படிச்சிட்டுதான் வெச்சேன். கதை முழுக்கத் தெரியும்."

ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "சரி, சொல்லு. கார்ல ஏறினாளா?" என்றாள்.

"ஏறல. கார் சும்மாவே திரும்பிப் போய்ட்டுது."

ஏறிப் போய்விட்டால் நாளைக்கு எனக்கு யார் தலை பின்னுவது? இந்த ஒரே காரணத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அதோடு விடுவாள் என்று பார்த்தால் கேள்வி மேல் கேள்வி.

"அவ அண்ணன் இன்னா சொன்னான்?"

"பேப்பர் படிச்சிகினே, இஷ்டம்னா இருக்கட்டும்னு சொன்னாரு."

அத்தை சிரித்துவிட்டாள். எனக்குத் தெரிந்த அண்ணன் என் அப்பா ஒருவர்தான்.

"அண்ணி?"

சமையலறையில் அம்மா அரிசி களையும் சத்தம் நின்றது. அது ஏனென்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கதையில் எதையும் மிகைப்படுத்தக் கூடாது என்ற பொறுப்போடு சொன்னேன்: "ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தாங்க. அப்புறம் சரியாய்ட்டாங்க."

"எத்தினி நாளைக்குத்தான் அங்கயே இருப்பா?"

"எப்பவுமே. அந்த வீட்ல ஒரு சின்ன பொண்ணு இருக்கா. அவ விட மாட்டா."

அத்தை என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்த்தாள்.

திங்கட்கிழமை அதையே பஸ்ஸில் சொன்னாள். பஸ்ஸில் ஒரே விசில். எனக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை குட்டு உடைந்தது. பஸ்ஸில் வரும் ஒரு அக்கா தன் தங்கை வீட்டில் அதே நாவலை முழுசாகப் பார்த்துவிட்டாளாம். அத்தை வந்து நிதானமாகச் சொன்னாள்: "புக்குல அவ கார்ல ஏறிட்டாளாண்டி."

நான் ஓவென்று அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்து, "அழாத. நீ சொன்னதுதான் நல்லாக்கீது" என்றாள். பொய்யை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அத்தையின் புருஷன், அரக்கோணத்து மாமா, தன் அம்மாவோடும் இரண்டு பெரியவர்களோடும் வந்தார். காரில் இல்லை, ஆட்டோவில். நாவலில் வருவதுபோல யாராவது கதறுவார்களா என்று கதவிடுக்கில் நின்று ஆவலாகப் பார்த்தேன். யாரும் கதறவில்லை. அம்மா டீ கொடுத்தாள். அத்தை, "நான் வரல" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். பெரியவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள், அப்பா அம்மாவைப் பார்த்தார். "அவ இங்கயே இருக்கட்டும்" என்று அம்மாதான் சொன்னாள். ஆட்டோ போய்விட்டது. இத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில்தான் அத்தை தன் கதையைச் சொன்னாள். அரக்கோணத்தில் மாமா தினமும் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். ஆடி அழைப்புக்கு அப்பா போனபோது அந்தப் பூட்டு திறந்திருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அவளும் வாய் திறக்கவில்லை. அத்தனை மாதமும், இந்த வீட்டில் நான் இருந்துகொள்ளட்டுமா என்று அண்ணனிடமோ அண்ணியிடமோ கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

என்னிடம்தான் கேட்டிருக்கிறாள்.