நான்கு தகடுகளும் ஒரு வசனமும்

எதையும் தொடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்வது அருங்காட்சியகக் காவலரின் முதற்கடமை. தாமும் எதிலும் தலையிடாதிருப்பது இரண்டாவது. லண்டனில் நின்றே பிழைக்கும் நண்பர்களே, அந்த இரண்டாவதில் நான் தவறிய கதை இது.

அறுந்த வசனம்

என் கூடத்தில் பழைய பாரசீகப் போர்க்கவசம் ஒன்று இருந்தது. மார்புக்கும் முதுகுக்கும் இரு விலாவுக்குமாக நான்கு எஃகுத் தகடுகள். அணிந்தவனைக் காக்கவென்று ஒரே குர்ஆன் வசனத்தை நான்கிலும் தொடர்ச்சியாகப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிறன்று குரோய்டனிலிருந்து வந்த தமிழ்நாட்டு மருத்துவர், ஒரு முஸ்லிம் பெண்மணி, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றியபடி அதை மெல்ல ஓதினார். விலாப்பக்கம் வந்ததும் நின்றார். மறுபடி சுற்றினார், அங்கேயே நின்றார். பொருள் கேட்டேன். இறைவனுக்கு உறக்கமில்லை, அவன் காவல் அயர்வதில்லை என்றார். பிறகு சொன்னார்: "ரெண்டு பக்கத் தகட்டையும் மாத்தி மாட்டியிருக்காங்க அண்ணா. தினம் தூங்கறதுக்கு முன்னாடி ஓதுறது, எனக்குத் தெரியாதா?"

மேலதிகாரியின் எச்சரிக்கை

அங்கம் அங்கமாகக் காக்கச் சொல்லிக் கவசம் பாடி வளர்ந்தவன் நான். ஒரு வரி தவறினாலும் முதலிலிருந்து தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே காட்சிப் பொறுப்பாளருக்கு எழுதினேன், பதிலில்லை. மீண்டும் எழுதினேன். மேலதிகாரி அழைத்து, இன்னொரு கடிதம் போனால் நிலவறையில் பார்வையாளர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டி வைக்கும் வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். இந்தக் கூடத்துக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவன் நான்.

என்னோடு காவல் நிற்கும், ரெய்னர்ஸ் லேனில் குடியிருக்கும் சிவா தலையிலடித்துக்கொண்டான்: "நாங்கள் சைவக்காரர் அண்ணை! எப்பவோ செத்தவன்ர சட்டை பிழையெண்டா உங்களுக்கென்ன? பேசாமல் நில்லுங்கோ!"

மூன்றாம் கடிதம்

ஓர் ஊரில் மணியடிப்பவன் ஒருவன் இருந்தான். தீயைக் கண்டும், மணியடிக்கும் வேளை வரவில்லையென்று சும்மா இருந்தான். அவன் வேலையில் எவரும் குறை சொல்ல முடியாது, ஊர்தான் மிஞ்சவில்லை. நண்பர்களே, காவல் என்பது வேளை பார்ப்பதன்று. தகடுகளின் சரியான வரிசையை வரைந்து, மருத்துவர் சொன்னதையும் குறித்து இணைத்து, மூன்றாம் கடிதத்தை அனுப்பினேன்.

பொறுப்பாளர் கையுறையோடு வந்தார், பார்த்தார், தகடுகளை இடம் மாற்றினார். அதே வாரம் என்னையும் இடம் மாற்றினார்கள்.

அடுத்த மாதம் நிலவறையில், நனைந்த மேலங்கியொன்றை என் கையில் கொடுத்தவர் அந்த மருத்துவர். ஏற்கெனவே மேலே போய்ப் பார்த்திருந்தார்: "அண்ணா, இப்ப ஓதினா முழுசா வருது! ஆமா, நீங்க என்ன இங்க கோட்டு மாட்டிட்டிருக்கீங்க?"

கவசத்தை வரிசையாக மாட்டச் சொன்னவனுக்குக் கோட்டுகளை வரிசையாக மாட்டும் பதவி கிடைப்பதே இத்தொழிலின் நீதி. அதையும் நான் ஒன்றுகூடப் பிசகாமல்தான் மாட்டுகிறேன்.