சுட்ட கமெரா, சுடாத கமெரா

இந்த ஊரில் சனங்கள் படம் எடுப்பதற்கு முன் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை. இலங்கையிலிருந்து வந்து நாலு வருசமாகியும் எனக்கு இது பழகவில்லை. புதுவாயல் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் கைபேசியைத் தூக்கி, கவிழ்ந்து கிடக்கும் லொறியை எடுக்கிறார். பொலிஸ்காரர் ஒருவர் அருகில்தான் நிற்கிறார். அவரும் எட்டிப் பார்த்து, "நல்லா வந்துக்குதே" என்கிறார். நான்தான், பஸ் தவறினாலும் பரவாயில்லை என்று நாலு கடை தள்ளிப் போய் நிற்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டுப் போங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

கடல் தாண்டி எங்கெங்கோ போய்விட்ட என் சனங்களே, நீங்கள் பிரெஞ்சு படித்தீர்கள், ஜேர்மன் படித்தீர்கள், குளிருக்குச் சப்பாத்து வாங்கினீர்கள். நான் கும்மிடிப்பூண்டி அகதி முகாமுக்கு வந்து தமிழ் படிக்க வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள். தெரியாத மொழி என்றால் தெரியாது என்று கையை விரித்துவிடலாம். தெரிந்த மொழியில்தான் ஆள் மாட்டுப்படுவது. ஒவ்வொரு சொல்லும் சொந்தக்காரர் மாதிரி முகத்தைக் காட்டும், கிட்டப் போனால் வேறு ஆளாக இருக்கும். நான் மாட்டுப்பட்டதும் அப்படி ஒரு சொல்லில்தான்.

தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் எனக்குப் பொதி கட்டும் வேலை. என் பக்கத்து மேசை ஸ்டெல்லா. இந்த ஊர்க்காரி, வாயாடி, மனசு தங்கம். ஊரில் நான் ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்தவள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். "எந்தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் வெச்சிக்கிறோம். நீயே எடுத்துக் குடுத்துடுக்கா. நல்லா வந்துச்சின்னா அக்கம்பக்கம் நானே சொல்லி உடுறேன். எத்தினி நாளுக்கு டப்பா அடுக்கிக்கினு இருப்ப?" என்றாள். கையில் கமெரா இல்லை என்றேன். அன்று வேலை முடிந்த கையோடு, பழைய கமெரா வாங்கி விற்கும் சேகரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

சேகர் மேசையில் இரண்டை வைத்தார். ஒன்று டிஎஸ்எல்ஆர். அந்த வகையில் ஆகச் சின்னதுதான், ஆனாலும் கழுத்தில் மாட்டினால் ஆளுக்கு முன்னால் அது போகும். மற்றது கையடக்கமான சூப்பர்ஜூம். பொத்தானை அழுத்தினால் ஆமை தலையை நீட்டுகிற மாதிரி வில்லை வெளியே வரும். "பெருச மாட்டிக்கினு போனா கூட்டம் வழி உடும். உள்ள சென்சாரும் பெருசு, மண்டபத்து வெளிச்சத்துல மூஞ்சி பளிச்சினு வரும். சின்னத பைல போட்டுக்கினு போய்க்கினே இருக்கலாம், ஒருத்தனுக்கும் தெரியாது. ஜூம் இழுத்தா செல் டவர் மேல குந்திக்கினு இருக்கிற காக்கா கண்ணு தெரியும்" என்றார். ஒருத்தனுக்கும் தெரியாது என்றதும் என் கை தன்பாட்டில் சின்னதற்குப் போய்விட்டது.

அதைப் பார்த்துவிட்டு அவர் பெரியதை எடுத்து ஸ்டெல்லாவைக் குறிபார்த்து இரண்டு படம் தட்டினார். "இதுக்கு பில்லு இல்ல. ஆனா சுட்டது இல்லக்கா, நம்பி எடுத்துக்கோ."

எங்கள் ஊரில் சுடுவதென்றால் ஒன்று அப்பம், இல்லையென்றால் துவக்கு. இவர் இரண்டையும் சொல்லவில்லை. படம் எடுப்பதைத்தான் இங்கே ஷூட் என்கிறார்களே, அதைத்தான் தமிழாக்கிச் சுடுவது என்கிறார்கள் போல என்று நானே முடிவு கட்டினேன். ஆக, சுட்டது இல்லை என்றால் அதிகம் பாவிக்காதது. ஆனால் கைப்பிடி ரப்பர் தேய்ந்து பளபளவென்று கிடந்தது. மனுசன் பொய் சொல்கிறார்.

"சுட்டதெண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை தம்பி. வேலை செய்தால் காணும்" என்றேன், பெருந்தன்மையாக.

சேகர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்து, "இன்னா ஸ்டெல்லா, அக்கா பெரிய ஆளா இருக்கும் போலக்குதே" என்றார். என் தொழில் அனுபவத்தைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவின் முகத்துக்காக, இரண்டையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

பை தோளில் ஏறியதும் பழைய பாரமும் ஏறிவிட்டது. பதினாறு வயதில் ஸ்டூடியோ முதலாளியோடு ஒரு கலியாணவீட்டுக்குப் போய் வந்த பகல் அது. இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பை என் கையில் இருந்தது. ஒரு ஆமிக்காரப் பெடியன், என்னைவிட மூன்று நாலு வயதுதான் கூட இருக்கும், கமெராவின் முதுகைத் திறந்து ஃபிலிமை உருவி வெயிலில் பிடித்தான். அவன் கோபப்படக்கூட இல்லை. மாலை மாற்றியது, தாலி கட்டியது, பெண்ணின் தகப்பன் அழுதது, எல்லாம் வெளிச்சம் பட்டுக் காலியாகப் போனதை நாங்கள் கையைத் தலையில் வைத்தபடி பார்த்தோம். மறுநாள் மணப்பெண்ணிடம் போய்ச் சொல்ல முதலாளி என்னைத்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு யாராவது கமெராவைத் திறந்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்குப் பின்பக்க ரோட்டுக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றுதான் போனது. அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் நீண்ட மதில். கம்பிவேலியில் ஒரு மீன்கொத்தி இருந்தது. சின்னக் கமெராவை எடுத்து ஜூமை இழுத்தேன். சேகர் சொன்னது பொய்யில்லை, குருவியின் கண் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் ஆலையின் புகைபோக்கியும் கேட்டும் கேட்டில் நின்ற காவலாளியும் தெரிந்தார்கள். அவர் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா அங்க ஃபோட்டோ எடுக்குற? யாரு அனுப்சது உன்ன?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல ஐயா. குருவி எடுத்தனான்."

என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "எந்த ஊரு நீ?"

"முகாம்."

"கேமரா புச்சாக்குதே. ஏது?"

முகாம்காரிக்குப் புதுக் கமெரா ஏது என்று கேட்கிறார், பணக்காரி என்று நினைத்துவிடக் கூடாது, இந்த ஊர்ப் பேச்சிலேயே சொன்னால் கொஞ்சம் இரங்குவார் என்று என் புத்தி போயிற்று. "புதுசு இல்லை ஐயா. சுட்டதுதான்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "சுட்டதா?"

"ஓம் ஐயா. பைக்குள்ள இன்னொண்டும் கிடக்கு. அதுவும் சுட்டதுதான்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பை அவர் கைக்குப் போனது. என்னைக் காவல் அறைக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு வெளியே நின்று மனேஜருக்கு ஃபோனில் சொன்னார்: "சார், ஒரு லேடி சார். திருட்டு கேமரா சார், ரெண்டு. அடிக்கக்கூட இல்ல சார், அதுவே ஒத்துக்கிச்சு. நீங்க வந்தா ஸ்டேஷனுக்குச் சொல்லிடலாம்."

திருட்டு என்ற சொல் எனக்கு விளங்கியது. அது இரண்டு கரையிலும் ஒன்றுதான். அடிக்கக்கூட இல்லை என்றதும் விளங்கியது. ஒரு வழக்கு என் பெயரில் விழுந்தால் போதும். ஊருக்குத் திரும்ப நானும் என் புருசனும் கொடுத்த விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், இங்கே இருப்பதும் ஆட்டம் காணும். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, ஒரு மீன்கொத்தியால். எனக்கு அழுகை வரவில்லை, தண்ணி விடாய்தான் வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் அதற்கும் என்ன சொல்லிவைப்பேனோ.

ஸ்டெல்லாவுக்கு ஒரு ஃபோன் எடுக்க விடும்படி கையைக் காட்டித்தான் கேட்டேன். மனேஜர் வருவதற்குள் அவள் சேகரின் பைக்கில் பின்னால் குந்தி வந்து இறங்கினாள். காவலாளி சொன்னதைக் கேட்டுச் சேகர் தலையில் கை வைத்து, இரண்டும் தன் கடைக் கமெராதான் என்றார். ஸ்டெல்லா என் முன்னால் முழங்காலில் இருந்து, "யக்கா, சுட்டதுன்னா திருடனதுக்கா. நீ இன்னான்னு நெனச்சிக்கினு சொன்ன?" என்றாள். நான் நினைத்ததைச் சொன்னேன். "பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்று சொல்லிக் காவலாளி மனேஜருக்குத் திரும்ப ஃபோன் எடுத்தார். குருவிப் படத்தை அழிக்கச் சொன்னார், அழித்தேன். எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். பாதி என் சீலையில் ஊற்றுப்பட்டது.

வேண்டாம் என்று இரண்டையும் அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஸ்டெல்லா விடவில்லை. சேகரின் கடையில் திரும்பவும் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். சின்னதைக் கையில் எடுக்கவே கூசியது. தூரத்தில் நின்று இழுத்து எடுக்கிறவரைத்தான் உலகம் சந்தேகிக்கும், ஒளிக்கக்கூடிய கமெராதான் ஒளித்த கமெராவாகப் போகும். பெரியதோடு கூட வரும் வில்லைக்குத் தூரம் எட்டாது. நாலடி கிட்டப் போக வேண்டும், கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், என் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டும். அதுவும் பயம்தான், ஆனால் முகத்துக்கு முகம் நிற்கிற பயம். பெரியதை எடுத்தேன். கொண்டுபோகும் முன் ஒரு எழுத்துக் கேட்டேன், சேகர் சிரித்துக்கொண்டே துண்டுக் கடதாசியில் "இது சுட்டது இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

நிச்சயதார்த்தத்தன்று வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு மண்டபத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் திருப்பாச்சூர்ப் பக்கம், ஒருவரையும் தெரியாது. எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது, எல்லாம் கையால் காட்டினேன். அவர்களும் ஊமைக்கு இரங்கியவர்கள் மாதிரி நின்றார்கள், விறைத்துப்போய், அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி. திரையில் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்து சொல்லுக்கா, எல்லாம் பொணம் மாதிரி நின்னுக்கினு இருக்குது" என்றாள்.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ" என்றேன்.

முதலில் மாப்பிள்ளையின் சித்தி சிரித்தாள். பிறகு முன்வரிசை முழுக்கச் சிரித்தது. "இஞ்சவாமே" என்று யாரோ திருப்பிச் சொன்னார்கள். அந்தச் சிரிப்பிலேயே என் விரல் அழுத்திவிட்டது. ஸ்டெல்லாவின் தங்கச்சி பல் தெரியச் சிரிக்கிறாள், மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அத்தனை நல்ல படம் நான் எடுத்ததில்லை. அன்று முழுக்க அதையே சொன்னேன், இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ. ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திடுக்கிடல். படங்களின் அல்பம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டார் என்னைக் கேட்டிருக்கிறார்கள், "அந்த இஞ்ச அக்காதான் வோணும்" என்று. இங்கே என்பதைத்தான் நாங்கள் இஞ்ச என்போம், நான் நிற்கிற இடத்தைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. அதைச் சொன்னதும்தான், நான் இந்த இடத்து ஆள் இல்லை என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.