நாற்பது கைநாட்டும் ஓர் ஆடும்

1934இல் பாகூர் சிங்காரவேலு புதுச்சேரிக் கல்லூரியில் முதல் வருஷமே தோற்றான். பிரெஞ்சில் இருபதுக்கு மூன்று. வகுப்பு நேரத்தில் கடற்கரையில் நின்று கப்பல் சரக்கு இறங்குவதை வேடிக்கை பார்த்தவனுக்கு அந்த மூன்றே அதிகம். ஊருக்கு வந்தவன் கட்டுப் போடுவது, கஷாயம் காய்ச்சுவது என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தான். அதில் ஆசை முற்றி, மறுவருஷம் வைத்தியப் பள்ளிக்கே விண்ணப்பம் போட்டுவிட்டான்.

தோற்றதற்குக் காரணம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாகூரில் ஏரி மதகு ஒழுகினால்கூட ஊரே கைநாட்டு வைத்து மனுக் கொடுப்பதுதான் வழக்கம். மதகு மனு எழுதியே பழகிய தாய்மாமன் அரங்கநாதன் இதையும் எழுதினார். நாற்பது பேர் கட்டைவிரல் பதித்தார்கள். சிங்காரவேலு படித்துப் பார்ப்பதற்குள் மனு போய்விட்டது.

நேர்காணலில் பள்ளித் தலைவரான துரை அதை அவனிடமே நீட்டினார். "பிரெஞ்சில் சொல், கேட்போம்."

மனுவில் இப்படி இருந்தது: 'எங்கள் பையன் கப்பல் பார்த்துக் கெட்டான். இப்போது எங்களுக்கு வைத்தியம் பார்க்கிறான். இருசப்பன் ஆடு செத்துவிட்டது. அடுத்தது நாங்கள்தான். ஆகையால் துரையவர்கள் இவனை உடனே சேர்த்துக்கொண்டு பயிரைக் காப்பாற்ற வேண்டும்.'

ஆட்டை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். மனம் வரவில்லை. திக்கித் திணறி, பயிர் வரைக்கும் சொல்லி முடித்தான்.

"ஆடு எதனால் செத்தது? உன் மருந்தாலா?"

"அப்படித்தான் நானும் பயந்தேன் துரை. அறுத்துப் பார்த்தேன். வயிறு முழுக்க நெல். களத்தில் மேய்ந்து உப்பியிருக்கிறது. என் கஷாயம் தொண்டையைத் தாண்டவே இல்லை."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "அறுத்துப் பார்க்க உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை."

வெளியே மாமாவும் இருசப்பனும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள்.

"இன்னாடா சொன்னாரு?" என்றார் மாமா.

"மூணு மாசம் வச்சுப் பாக்குறாராம் மாமா. பிரெஞ்சு தேறலன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாராம்."

"அவ்ளோதானா?"

"படிச்சு முடிக்கிற வரைக்கும் ஊர்ல யாருக்கும் மருந்து குடுக்கக் கூடாதாம்."

இருசப்பன் துரை இருந்த பக்கம் திரும்பி, தலைக்குமேல் கைகூப்பினான்.

"மவராசன், நல்லா இருக்கணும்பா!"