சாக்லேட் என்று தேடினேன், பிஸ்கட் வந்தது

நான் முட்டாள் என்பதற்கு யாரும் ஆதாரம் தேடி அலைய வேண்டாம். நானே அதை நோட்டீஸாக அடித்து, டெல்லி மயூர் விஹாரில் இருபது கம்பங்களில் ஒட்டியிருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் அது. எங்களிடம் ஒரு ஷிட்ஸு நாய் இருந்தது. குட்டியாக வாங்கியபோது அசல் சாக்லேட் நிறம். இந்த ரகத்தில் அது அபூர்வம் என்று விற்றவர் சொன்னதை லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் ஒப்பித்துப் பெருமைப்பட்டேன். 'கருப்பட்டி' என்று பெயரும் வைத்தேன். இந்திக்காரர்கள் வாயில் அது 'கர்பதி' ஆனது. அப்படிக் கூப்பிட்டால் நாய் திரும்பிக்கூடப் பார்க்காது.

வாங்கி மூன்று வருடமான அந்த டிசம்பரில் ஒரு காலை, கதவைச் சரியாகச் சாத்தாமல் பால் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் நாயைக் காணோம். எட்டு வயது மகள் சாப்பிட மாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். 'அபூர்வ சாக்லேட் நிற நாயைக் காணவில்லை' என்று இந்தியில் நோட்டீஸ் அடித்தேன். படம்? எனக்குப் பிடித்த குட்டிப் படம்தான். இரண்டு நாளாகியும் ஒரு போன் வரவில்லை.

மூன்றாம் நாள், எங்கள் பிளாக்குக்குக் கீழே துணி தேய்க்கும் விழுப்புரத்து அம்மா நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மகள் பாய்ந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்து அபார்ட்மென்ட் சொசைட்டி வாட்ச்மேன் அதைப் பத்திரமாகக் கட்டிப்போட்டிருந்தாராம். எங்கே? என் நோட்டீஸ் ஒட்டிய கம்பத்திலேயே!

வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போனேன். "பையா, நோட்டீஸ் படிக்கலையா?" என்று என் இந்தியில் கத்தினேன்.

"படா, சாப். உஸ்மே சாக்லேட் லிக்கா ஹை. யே தோ பிஸ்கட் ஹை!" படித்தாராம்; அதில் சாக்லேட் என்று எழுதியிருக்கிறதாம், இதுவோ பிஸ்கட் நிறமாம்.

வீட்டுக்கு வந்து நாயைப் பார்த்தேன். பிஸ்கட்தான். வளர வளர அந்த நிறம் வெளுக்குமாம். தினமும் சீவிவிட்டவன் கண்ணுக்கு அது அன்று வரை தெரியவில்லை.

கருப்பட்டி இப்போது இல்லை. மகள் வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறாள். லீவில் வருகிறவளை வாசற்படியில் உட்கார்ந்த அந்த எட்டு வயதுக்காரியாகவேதான் இன்னும் பார்க்கிறேன்; திட்டு வாங்குகிறேன். என் கண் அப்படி.

நாய் கிடைத்த அன்றே, துணி தேய்க்கும் அம்மாவின் மேஜைக்குப் போய்க் கேட்டேன். "இத்தனை பேர் பார்த்தும் தெரியலையே, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா அடையாளம் தெரிஞ்சுது?"

அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு இந்தி படிக்க வராது சார், 'கருப்பட்டி'ன்னேன், வாலாட்டிச்சு."