முகம் பார்க்காமல் போட்ட ஊசி

பதுளை பஸ்ஸில் ஜெயந்தினிக்கும் மாமியார் பெரியாயிக்கும் ஒரே சீட்டுத்தான் கிடைத்தது. ஆனாலும் மருமகளின் தோள் தன்மேல் படாதபடி பெரியாயி ஒடுங்கி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது மலடி மேலே படக்கூடாதாம். அன்றைய நல்ல காரியம் என்னவென்றால், அந்த மருமகளை வீட்டைவிட்டுத் துரத்த டாக்டர் வாயால் ஒரு சொல் வாங்கிக்கொண்டு வருவது.

அப்புத்தளைப் பக்கத்தில் பிறந்த ஜெயந்தினி, தொண்ணூற்றொன்பதில் அஜந்தனைக் கட்டிக்கொண்டு காளிமலைத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளில் ஏழாம் லயத்துக்கு வந்தவள். மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. அஜந்தனுக்கு இரண்டாம் தாரமாகப் பசறைப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி, தை பிறந்ததும் தாலி என்பதுவரை ஆகிவிட்டது. தோட்டத் தலைவர் மட்டும் குறுக்கே நின்றார். “பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. புள்ள பெறாதுன்னு அவங்க சொல்லிட்டா அப்புறம் நான் வாயத் தெறக்கல” என்று சொல்லிவிட்டார். அஜந்தன் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். அவன் வாயில் அந்த மூன்று வருடமும் கொழுக்கட்டைதான் இருந்தது.

கலியாணமான வருடமே அவளுக்கு மாதவிலக்கு நின்றது. பெரியாயிக்குத் தலைகால் புரியவில்லை. முட்டை அவித்துக் கொடுத்தாள், தண்ணீர்க்குடத்தைத் தூக்கவிடாமல் பிடுங்கிக்கொண்டாள், காமன்கூத்துப் பார்க்கப் போனவளைக் கூட்டத்தில் இடிபடாதே என்று திருப்பிக் கூட்டிவந்தாள். மாதங்கள் போயின, வயிறு அப்படியே ஒட்டிக்கிடந்தது. அதற்குப் பிறகு முட்டை மூத்த மருமகளின் பிள்ளைகளுக்குப் போனது. லயம் முழுக்க, “வயித்துல ஒண்ணுமில்லாம ஏமாத்திட்டா” என்று பேச்சு. மாதவிலக்கு திரும்ப வரவேயில்லை. இருபத்துமூன்று வயதில் வற்றிப்போன உடம்பு என்று ஒருத்தியைச் சொன்னால் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஏழாம் லயத்தில் அந்த ஆண்டி ஜெயந்தினிதான்.

டாக்டர் சரோஜினியின் கிளினிக் பதுளை பஜாரில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, பெண்களின் நோய்களைப் பார்ப்பவள்; அவள் பேச்சில் நோய்க்கு வருத்தம் என்று பேர். உள்ளே கூப்பிட்டதும் பெரியாயி முந்திக்கொண்டாள்.

“இது பட்ட மரங்க டாக்டரம்மா. அத உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா போதும், நாங்க போயிடுவோம்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “வருத்தக்காரி ஆர்? நீங்களோ, இவவோ?”

“இவதாங்க.”

“அப்ப நீங்கள் வெளியில இருங்கோ அம்மா.”

கதவு சாத்தியதும் ஜெயந்தினி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் அவசரப்படவில்லை. எப்போது வயதுக்கு வந்தாய், மாதவிலக்கு எப்படி வந்தது, எப்போது நின்றது, புருஷனோடு இருப்பதில் வலி ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மந்திரித்தவரும் தாயத்துக் கட்டியவரும் மாமியாரைத்தான் கேட்டிருந்தார்கள். அவளையே கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு படுக்கவைத்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே சோதித்தாள். ஸ்கேனும் எடுத்தாள்.

“கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஒரு குறையும் தெரியேல்ல. மருந்து, குளிசை ஏதும் எடுக்கிறனீரோ?”

“ஒண்ணும் இல்லங்க. சத்தூசி மட்டும் போட்டுக்கிறேன்.”

“அது என்ன சத்தூசி?”

“தோட்டத்து ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுவாங்கம்மா. எங்க மூத்தவங்க தனலெட்சுமிக்கு உள்ள ஊசி. அவங்களுக்கு ஒத்துக்கல. அதனால நான் போய் போட்டுக்கிறேன்.”

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு இது கட்டுக்கதை போலத்தான் இருக்கும். அங்கே எதற்கும் வரிசை, வரிசைக்கு வீட்டில் யாராவது ஒரு ஆள். மாவுக்கு மாமியார் பேரில் மருமகள் நிற்பாள், தேயிலைத்தூளுக்கு அண்ணன் பேரில் தம்பி நிற்பான். பேரைக் கூப்பிட்டால் “ஆமாங்க” என்று ஒரு குரல் வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஊசி நாளில் பேர் கூப்பிட்ட பெண்ணுக்குக் கொழுந்து பறிக்க மலை ஏறாமலே அன்றைய சம்பளம் உண்டு. வராதவளுக்குக் கங்காணியின் வசவு உண்டு. இரண்டு பிள்ளைக்காரியான மூத்த மருமகள் தனலெட்சுமி முதல் ஊசியிலேயே நிற்காத உதிரப்போக்கில் விழுந்து, இனிமேல் செத்தாலும் போகமாட்டேன் என்று அழுதாள். “நல்ல சத்தூசி, ஏன் வீணாக்கணும்? சின்னவ போகட்டும். புதுசா கட்டிக்கிட்டு வந்தவ, ஒடம்பு தேறட்டும்” என்று ஜெயந்தினியை அனுப்பியவள் யார் தெரியுமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பட்ட மரம் என்ற தீர்ப்புக்காகக் காத்திருந்த அதே பெரியாயிதான்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டாள்.

“அம்மா, அது சத்தூசி இல்லை. பிள்ளை தங்காமல் இருக்கப் போடுற ஊசி.”

“இல்லீங்க. ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரையாதாங்க சொன்னாரு.”

“வேற என்ன சொன்னவர்?”

பெரியாயி யோசித்துப் பார்த்தாள். “வேற ஒண்ணும் சொல்லலீங்க.”

டாக்டரின் முகம் சிவந்தது. ஜெயந்தினி பக்கம் திரும்பினாள். “இனி அந்த ஊசி வேண்டாம். உடம்பு பழையபடி திரும்ப ஒரு வருஷம் போகும், சிலருக்குக் கூடவும் செல்லும். பயப்பிடாதையும். அடுத்தமுறை வரேக்க உம்முடைய அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். சோதனை ரெண்டு பேருக்கும்தான்.”

ஜெயந்தினி அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் பெரியாயி அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, “தெரியாம செஞ்சிட்டேன்டி ஆத்தா” என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

“ஊசிக்கு அனுப்புனது தெரியாமதான் அத்தே. மலடின்னு சொன்னது தெரிஞ்சுதானே?”

அன்று இரவு டாக்டர் சொன்னதையெல்லாம் அஜந்தன் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான். “நீங்களும் வந்து சோதிச்சுக்கிறீங்க. இல்லாட்டி அந்தப் பசறைக்காரிய நீங்களே போய் கூட்டியாங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயந்தினி சோறு போட்டாள். அவன் போய்ச் சோதித்துக்கொண்டான். பசறைப் பேச்சு நின்றது. இரண்டு வருடம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்ததையும் இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கணக்கை முடித்துவிடுவார்கள் நம் ஆட்கள். ஜெயந்தினி அப்படி முடிக்கவில்லை.

பதுளை போய்வந்த பிறகு அடுத்த ஊசி நாள் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் டாக்டரையா என்று கூப்பிடுகிறவர் மருந்து கொடுக்கப் பழகியவர், அவ்வளவே. தலை நிமிராமல் அட்டையைப் பார்த்து, “தனலெட்சுமி, ஏழாம் லயம். கை” என்றார்.

ஜெயந்தினி கையை நீட்டவில்லை. “என் மூஞ்சியப் பாருங்கய்யா. நான் யாரு?”

“என்ன வெளையாட்டு இது? தனலெட்சுமி.”

வரிசைக்குப் பின்னாலிருந்து பெரியாயி மூத்த மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூத்த மகன் கொழும்புக் கடையில் வேலை; நாள் பெருநாளுக்குத்தான் வருவான். கடைசியாக வந்துபோனதில் தனலெட்சுமிக்கு வயிறு தங்கிவிட்டது. மூன்றாவது என்றால் ஆஸ்பத்திரியில் ஏசுவார்களென்று அவள் அதைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

“இவதாங்க தனலெட்சுமி. வயித்தப் பாருங்க, ஆறு மாசம். உங்க ஊசியெல்லாம் யாரு ஒடம்புக்குப் போச்சுன்னு இப்ப சொல்லுங்க!”

அவர் வயிற்றைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கடைசியில்தான் ஜெயந்தினியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை தடவை ஊசி குத்திய மனுஷருக்கு அந்த முகம் புதிது.

“அப்ப நீ யாரு?”

“நான்தாங்க ஏழாம் லயத்து மலடி” என்றாள் ஜெயந்தினி. “நீங்க கையப் பாத்து ஆக்குன மலடி.”

வரிசையில் அடுத்து நின்றவள் சட்டைக் கையை மடித்துத் தயாராக நின்ற ஒரு சின்னப் பெண். அவள் மடித்ததை மெதுவாக இறக்கிவிட்டாள்.

“ஐயா, எனக்குப் போடுறது என்ன ஊசிங்க?”