அக்காவின் காதும் ஆயிரம் வாட்ஸும்

என் அக்காவைச் செவிடு என்று சொன்னவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும். நாகரிகமாக ஆரம்பிக்க எனக்குத் தெரியாது, அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அழுகைக்கும் இருமலுக்கும் நடுவே அரைகுறையாக வருகிற பெயரைக்கூடப் பிடித்துச் சரியான வார்டுக்கு இணைப்பு கொடுத்துவிடுவாள். "என்ன டாக்டர், குரல் கம்முது? தூக்கம் இல்லையா?" என்று கேட்டுப் பெரிய டாக்டரையே அசடு வழிய வைத்தவள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே காதம்மா.

அவள் கணவர், அதாவது என் மாமா, டைல்ஸ் கடைக்காரர். புது வீடு கட்டினார். ஹாலில் தரை முழுக்க டைல்ஸ், சுவரில் நெஞ்சளவுக்கு டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. திரைச்சீலை கிடையாது, விரிப்பு கிடையாது. "சரக்க மூடி வெச்சா எவன் பாப்பான்?" என்பார். வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டுவார். அந்த ஹாலில் ஒரு ஸ்பூன் விழுந்தால் சமையலறையே கவிழ்ந்த மாதிரி இருக்கும்.

அந்த ஹாலுக்குத்தான் ஸ்பீக்கர் வாங்கினார். வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் பொருத்துவது என் பிழைப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? மச்சானிடம் யோசனை கேட்டால் மாப்பிள்ளை கௌரவம் என்ன ஆவது! ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் வாங்கினார். அவற்றை இயக்க நல்ல தெம்பான ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இவர் வாங்கியதோ கைக்கு அடக்கமான ஒரு குட்டி. ஏனென்றால் அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்ததாம். அடப்பாவமே, அது ஒரு கணம் மூச்சுப் பிடித்துக் கத்துகிற கணக்கு. நின்று நிதானமாகத் தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சத்தத்தை ஏற்ற ஏற்ற அது மூச்சுத் திணறி, ஒலியை நறுக்கி நறுக்கித் துப்பும். போதாததற்குப் பெட்டிகளை இரண்டு மூலையிலும் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். மூலையில் வைத்தால் 'தும் தும்' என்கிற கீழ் ஒலி வீங்கி, பேச்சை அமுக்கிவிடும். பெட்டிகள் பின்னால் இருக்கிற டைல்ஸை மறைக்கக் கூடாதாம், அதனால் மூலை.

அதற்கப்புறம்தான் அக்கா செவிடானாள். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். மாமா சிரிப்பார், மகள் சிரிப்பாள். அக்கா மட்டும், "என்னங்க, என்ன சொன்னான்?" என்பாள். "உனக்குக் காது போச்சுடி" என்பார் மாமா. முதலில் கேலி. பிறகு அதுவே பேச்சானது. அவளிடம் எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெற்ற மகள் காதருகே வந்து, "அம்மா! சோறு!" என்று அலறுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் மாமா அவள் வேலையிலேயே கை வைத்தார். "ஒரு நோயாளி பேரைத் தப்பாக் கேட்டு வெச்சேன்னா, உயிருக்கு யாரு பதில் சொல்றது? மரியாதையா நீயே வேலைய விட்டுடு." அக்கா பயந்துவிட்டாள். காதைப் பரிசோதிக்க வாக்கா என்று கூப்பிட்டேன். "ஆமான்னு சொல்லிட்டா என்னடா பண்ணுவேன்?" என்று அழுதாள். திங்கட்கிழமை போய் மேலதிகாரியிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிடப் போகிறாளாம்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் போய் நின்றேன். ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதாநாயகன் வாயைத் திறந்தால் ஹாலே திறந்து மூடுகிறது, வார்த்தை மட்டும் வரவில்லை. தொழில்காரன் எனக்கே ஒரு இழவும் புரியவில்லை. ஆனால் மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

அப்போதுதான் திரைக்குக் கீழே பார்த்தேன். பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் கேட்கவே இல்லை. படிக்கிறார்கள்! அக்காவோ நாள் முழுக்க ஹெட்செட் அழுத்திக் காதுமடல் புண்ணாகி, வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறவள். அவளுக்கு அந்த எழுத்து வெறும் வெள்ளைக் கோடு.

ரிமோட்டைப் பிடுங்கி எழுத்தை நிறுத்தினேன்.

"இப்ப சொல்லுங்க மாமா. என்ன சொல்றான்?"

"அது வந்து... இவன் கொஞ்சம் வேகமாப் பேசறான்பா."

"நீ சொல்லு" என்று மகள் பக்கம் திரும்பினேன்.

மகள் உதட்டைப் பிதுக்கினாள். "நாங்க எப்பவும் எழுத்து வெச்சுத்தான் மாமா பாப்போம்."

"அப்போ வீடே செவிடா? பேர் மட்டும் எங்கக்காவுக்கா?" என்று நான் போட்ட சத்தத்தை அந்த டைல்ஸ் நாலு தரம் திருப்பிச் சொன்னது. பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. படுக்கையறையிலிருந்து மெத்தையையும் கம்பளிகளையும் இழுத்து வந்து தரையில் போட்டேன். கண்ணாடிப் பக்கம் போர்வைகளைத் தொங்கவிட்டேன். "டைல்ஸ்பா, டைல்ஸ்பா" என்று மாமா பின்னாலேயே வந்தார். பெட்டிகளை மூலையிலிருந்து நகர்த்தி, வண்டியில் இருந்த என் ஆம்ப்ளிஃபயரை மாட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

உள்ளே இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். படத்தில் ஒருத்தி கிசுகிசுத்ததைக்கூட, ஆஸ்பத்திரியில் பெயரைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, வார்த்தை பிசகாமல் சொன்னாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சொன்னேன்ல, ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்னு" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்கா என் கையை அமர்த்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"போன வாரம் படுக்கையறையில உக்காந்து உங்க அக்காகிட்ட போன்ல பேசினீங்களே. நான் அலமாரிகிட்ட துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். மெதுவாத்தான் பேசினீங்க. 'இவ வேலைய விட்டுட்டா வீட்டு வேலைக்கு ஆள் வெக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினா போதும்'னீங்க."

மாமா தரையில் கிடந்த கம்பளியை மடிக்க ஆரம்பித்தார்.

"அது கேட்டுச்சுங்க. ஹாலு பேச்சு மட்டும் கேக்கல. காது போறது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாப் போகும்போலன்னு நெனச்சு, நீங்க பேசினதையும் நானே தப்பாக் கேட்டுட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்கள நம்பி என் காத நம்பாமப் போயிட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. ஆஸ்பத்திரியில் இணைப்பு கொடுக்கிற அதே குரல்.

"நாளைக்குக் காலைல எனக்கு ஷிப்ட் இருக்கு. வீட்டு வேலைக்கு ஆள் வெச்சுக்கோங்க."