ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புலி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைப் புலி என்றுதான் சொல்வோம். சிறுத்தை என்பதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது. வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே, ரயில் கூவினால் மட்டும் காதில் விழுகிற உயரத்தில் இருந்த தோட்டம் அது. அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண் கையில் இருக்க வேண்டும் என்பார் கங்காணி. என் கண் என்றைக்குக் கையில் இருந்தது? அதற்காக நான் வாங்கிய ஏச்சுக்கு அளவே கிடையாது.

அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான் அதைக் கண்டேன். மலையின் அடியில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு, காட்டின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை. பனிமூட்டம் விலகி வெயில் விழுந்ததும் பாறையின் மேல் ஒரு வால் அசைந்தது. அதன் பிறகுதான் உடம்பு தெரிந்தது. முலை கனத்துத் தொங்கியது. குட்டி போட்ட புலி.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதற்கு முந்தின வருசம் இப்படித்தான் ஒருத்தர் புலியைக் கண்டு சொல்ல, தோட்டத்துத் தொரை வந்து சுட்டார். அதை பேக்டரி வாசலில் கட்டித் தொங்கவிட்டு, நாங்கள் எல்லாரும் வரிசையாகப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. செத்த வாயைக் குச்சியால் திறந்து பல்லைக் காட்டினார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த முறை சொல்லவே கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், அந்த லயத்தில், எனக்கென்று தனியாக ஒரு பாய்கூடக் கிடையாது. இந்தப் புலி எனக்கு மட்டும் தெரிந்த புலி. அதில் எனக்கு அத்தனை பெருமை.

மூன்று வாரம் அந்த ஓடையைச் சுற்றிய தேயிலை மலைகளிலேயே எங்களுக்கு வேலை இருந்தது. மூன்று வாரமும் பார்த்தேன். வெயில் ஏறியதும் பாறைக்கு வரும். முன்காலை நீட்டி நக்கும். இரண்டு குட்டிகள், வாலைக் கடித்து இழுக்கும், அது பேசாமல் கிடக்கும். ஈ மொய்த்தால் காது மட்டும் துடிக்கும். ஒருநாள் வாயில் முயலோடு வந்தது. இன்னொரு நாள் வாயில் இருந்தது முயல் இல்லை. லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராக்காரரின் வெள்ளை நாய் அன்றைக்குக் காலையிலிருந்து காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன். வெட்கங்கெட்ட பிறவி நான்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் பெண்சாதி. மலையில் எனக்குப் பக்கத்துச் செடி வரிசை, பக்கத்து நிரை, அவருடையது. அவருடைய முதல் பிள்ளை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் வயிற்றோட்டம் கண்டு செத்துப்போனது. அண்ணி மலையிலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது பெண் பிறந்ததும், பிள்ளைக் காம்பரா ஆயா கூப்பிட்டும் கங்காணி சத்தம் போட்டும் அவர் கேட்கவில்லை. பிள்ளையை மலைக்கே தூக்கிவந்து, நிழல் மரத்தில் சேலைத்தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் கொழுந்தில் கை வைப்பார். அப்போது அதற்கு ஐந்து மாதம்.

அன்றைக்கு எங்களுக்கு விழுந்தது ஓடையை ஒட்டிய மலை. அடியிலிருந்து மேலே கொழுந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அண்ணி ஓடைக்கரை மரத்தில் தூளியைக் கட்டினார். பாறைக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஓடை ஒன்றுதான். என் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பகலில் அது ஓடையைத் தாண்டியதே இல்லை, மூன்று வாரம் பார்த்தவளுக்குத் தெரியாதா என்ற திமிர். சொன்னால் தொரை வருவார், துவக்கு வரும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

இருபது செடி மேலே ஏறியிருப்போம். நான் திரும்பித் திரும்பிப் பாறையைப் பார்த்தேன். புலி இல்லை. வெயில் ஏறியும் இல்லை. ஓடைக்கரையைப் பார்த்தேன். நீருக்கு இந்தப் பக்கம், தேயிலைச் செடிக்கு அடியில் அது உட்கார்ந்திருந்தது. தூளி காற்றில் ஆட, அதன் தலையும் கூடவே ஆடியது.

அண்ணியின் முழங்கையைப் பிடித்தேன். அவர் பார்த்தார். அவர் தொண்டையில் எழுந்த சத்தத்தை, மறுபக்கத்து நிரையில் நின்ற பெரியம்மா ஒருவர் கையால் பொத்தினார். சத்தம் கேட்டால் அது வாய்க்கு எட்டுகிறதைக் கவ்விக்கொண்டுதான் ஓடும், நாயை அப்படித்தான் தூக்கும், இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நிரை நிரையாகச் செய்தி கண்ணாலேயே போயிற்று. முப்பது பெண்கள், ஒரு கிளை முறியவில்லை. அண்ணி கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினார். கூடையைச் செடிமேல் வைத்தார். ஓரடி இறங்கினார். நின்றார். இன்னும் ஓரடி. நான் பின்னால். மாரியம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன், ஒன்றும் நினைவில்லை. பன்னிரண்டு செடி இருந்தது, பத்து செடி இருந்தது. புலி எங்களைப் பார்க்கவில்லை. அது ஓரடி தூளிப் பக்கம் வைத்தது.

எங்கள் தோட்டத்தில் வேலை தொடங்கும்போது, கொழுந்து பெருகட்டும் என்று பொலி சொல்லுவோம். கங்காணி ஒருமுறை சொன்னால் நிரை முழுக்கத் திருப்பிச் சொல்லும். பக்கத்து மலையில் சொன்னாலும் இந்த மலையில் பதில் போகும், சொல்லாமல் விட்டால் அன்றைக்குக் கொழுந்து சேராது என்று நம்பிக்கை. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிப்போனது. அந்த நேரம் பார்த்து, மேல் மலையில் இன்னொரு கூட்டத்தை நிரைக்கு விட்டுக்கொண்டிருந்த கங்காணி, நீட்டி முழக்கிச் சொன்னார்.

"பொலியோ பொலி!"

முப்பது வாயும் பதில் சொல்லிவிட்டன. வாயைப் பொத்திய பெரியம்மா சொன்னார். நான் சொன்னேன். பெற்றவள் வாயும் சொன்னது.

புலி தரையோடு ஒட்டியது. பாய்ந்தது. தூளி மரத்தின் கிளை வரைக்கும் எகிறி வீசியது. ஓடைத் தண்ணீர் தெறித்தது. அவ்வளவுதான் தெரிந்தது. புலியைக் காணோம். பிள்ளை அழவில்லை.

அண்ணி செடிகளுக்கு மேலேயே விழுந்தடித்து ஓடினார். வாதுகள் காலைக் கிழித்தன. தூளியைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி ஓவென்று அழுத சத்தம் கேட்டது, அதைக் கேட்டுப் பயந்து பிள்ளையும் வீறிட்டது. கண்ணைத் திறந்தேன். சேலையில் ஒரு பக்கம் சேறு. பிள்ளைமேல் ஒரு கீறல் இல்லை.

எல்லாரும் ஓடிவந்து, ஆளுக்கொரு பேச்சு பேசி, திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து முடிந்த பிறகு அண்ணி என்னைத் தனியாகப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மேல ஏறுறப்பவே நீ அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருந்த. ஒனக்கு எத்தன நாளா தெரியும்?"

"மூனு வாரமா, அண்ணி."

கங்காணி மூச்சிரைக்க வந்து, புலி எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். கேட்டு முடிக்கும் முன்னால் என் கை பாறையைக் காட்டிவிட்டது. எங்கே படுக்கும், எப்போது வரும், எல்லாம் சொன்னேன். யாரும் கேட்காததையும் சொன்னேன். குட்டிகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது துவக்குச் சத்தம் கேட்டது, ஒரே வெடி. ஆம்பிளைகள் கம்பில் கட்டித் தூக்கிப்போனார்கள். நான் பார்க்கப் போகவில்லை. பாறைப் பக்கமும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்தக் குட்டிகள் என்ன ஆயினவோ.

அண்ணி யாரிடமும், அண்ணனிடம்கூட, என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் என்னை அடித்துத் தீர்த்திருப்பார், எனக்கும் பாரம் குறைந்திருக்கும். லயத்துக்குத் திரும்பியதும் அவர் அடுப்பு மூட்டும் வரைக்கும் பிள்ளையை நான்தான் வாங்கி வைத்திருப்பேன், அது அன்றாடப் பழக்கம். அன்றைக்கும் இரண்டு கையையும் நீட்டினேன். அண்ணி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையாலேயே விறகை அடுப்பில் வைத்தார்.

"நீ கெட்டவ இல்ல, புள்ள," என்றார், என்னைப் பார்க்காமல். "ஆனா எனக்கு இது ஒன்னுதான் இருக்கு."